விண்ணை அளக்கும் கல்வி

ஈப்போ நகரின் மையத்திலிருந்து மேற்கே சென்றால் சிலிபின் வரும். அங்கிருந்து பார்த்தால் கிளேடாங் மலை தெரியும். இப்பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் மூத்தவர்கள், பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் விட்டபோது, அவர்கள் நகர்ப்புறத்தில் வந்து குடியேறினர்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஆகஸ்டு மாதத்தின் ஓர் அதிகாலை. மூன்றாம் படிவத்தில் பயிலும் மாணவி ஒருத்தி வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறாள். பாட்டியும் எழுந்து வருகிறார். இளமையில் பால்மரம் வெட்டியவர் அவர். வெயில் ஏறுவதற்கு முன் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதால், தோட்ட மக்கள் இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தார்கள். ஆகவே, விடிவதற்கு முந்திய வானம் பாட்டிக்கு நன்கு பழக்கமானது.

“அதோ பார் கண்ணு, கொத்தாகத் தெரிகிறதே, அதுதான் கார்த்திகை. அந்தக் காலத்தில் எங்களுக்கு ஏது கடிகாரம்? வானத்தைப் பார்த்துத்தான் நேரம் சொல்வோம்.”

“அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி ஏறக்குறைய 440 ஆண்டு ஆகிறதாம், பாட்டி. இப்போதுதான் நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது.”

பாட்டி வியப்போடு பேத்தியைப் பார்த்தார். வீட்டுக்குள்ளோ வேறொரு பேச்சு சில நாள்களாக நடந்துகொண்டிருந்தது. நான்காம் படிவத்துக்கான பாடத் தேர்வுப் பாரத்தைத் திங்கட்கிழமைக்குள் பள்ளியில் ஒப்படைக்க வேண்டும். மாணவிக்கு வானியற்பியல் படிக்க ஆசை. அதற்கு இயற்பியலும் கூடுதல் கணிதமும் வேண்டும். கூடுதல் கணிதம் கடினம் என்று தோழிகள் அச்சுறுத்துகிறார்கள். அப்பா லாரி ஓட்டுநர். வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். பள்ளிப் படிப்பை முடித்ததும் அவள் ஏதேனும் ஒரு வேலையில் சேர்ந்து குடும்பத்துக்கு உதவ வேண்டிய நிலை வரலாம்.

“வேலை செய்துகொண்டே இயங்கலையில் பட்டப்படிப்புப் படிக்கலாமாம், அம்மா” என்றாள் மகள்.

“வீட்டில் உட்கார்ந்து கணினியில் படிப்பது உண்மையான படிப்புத்தானா? அதில் சேர உனக்குத் தகுதி இருக்குமா? நட்சத்திரத்தைப் படித்தால் யாரம்மா வேலை கொடுப்பார்கள்?” என்று அம்மா கேட்டார்.

மூன்றும் நியாயமான கேள்விகள். உயர்கல்வியைப் பற்றி எண்ணும் எந்தக் குடும்பமும் கேட்க வேண்டியவை. இவற்றுக்கு விடை காண்பதற்கு முன், வானியற்பியல் என்பது யாது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வானியற்பியல் என்பது யாது?

வானத்தில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, எப்படி நகர்கிறது என்பதை வானியல் நெடுங்காலமாகக் கணித்து வந்துள்ளது. அந்தப் பொருள் எதனால் ஆனது, ஏன் ஒளிர்கிறது, எப்படிப் பிறக்கிறது, எப்படி அழிகிறது என்று இயற்பியலின் விதிகளைக் கொண்டு ஆராய்வது வானியற்பியல். 

விண்மீனுக்கு அருகில் சென்று அதன் ஒரு துண்டை எடுத்துவர யாராலும் இயலாது. அங்கிருந்து வரும் ஒளியே முதன்மையான சான்று. முப்பட்டகக் கண்ணாடி சூரிய ஒளியை ஏழு நிறங்களாகப் பிரிப்பதுபோல், விண்மீனின் ஒளியையும் நிறமாலையாகப் பிரிக்கலாம். அந்த நிறமாலையில் காணப்படும் கோடுகள், விண்மீனில் உள்ள தனிமங்களை அடையாளம் காட்டும். கோடுகள் இடம் பெயர்ந்திருந்தால், விண்மீன் நம்மை நோக்கி வருகிறதா விலகிச் செல்கிறதா என்பது தெரியும்.

ஒளியின் அளவும் பலவற்றைச் சொல்லும். ஒரு விண்மீனின் குறுக்கே அதன் கோள் கடந்து செல்லும்போது, விண்மீனின் ஒளி சற்றே குறையும். ஒளி 1 விழுக்காடு குறைந்ததாகக் கொள்வோம். அப்படியானால் கோள், விண்மீனின் வட்டப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கை மறைத்திருக்கிறது. வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே, கோளின் ஆரம் விண்மீனின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்த விண்மீன் நம் சூரியனின் அளவே இருந்தால், அதன் விட்டம் ஏறத்தாழ 1,390,000 கிலோமீட்டர். எனவே, கோளின் விட்டம் ஏறத்தாழ 139,000 கிலோமீட்டர். அஃதாவது, நம் வியாழனைப் போன்ற ஒரு கோள் அங்கே இருக்கிறது.

கண்ணால் காணவே முடியாத ஒரு கோளின் அளவு, இடைநிலைப்பள்ளிக் கணிதத்தைக் கொண்டே கிடைத்துவிட்டது. இங்கு இன்னோர் உண்மையும் புலப்படுகிறது. இந்தக் கணக்கைச் செய்தவர் தொலைநோக்கியின் அருகில் இருக்க வேண்டியதில்லை. ஒளி அளவுகளின் பட்டியல் கையில் இருந்தால் போதும். அப்பட்டியல் இணையத்தின் வழி எந்த ஊருக்கும் வரும். வானியற்பியலை இயங்கலையில் படிக்க இயல்வதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

கடல் கடந்து கற்றவர்கள்

முன்னர் இந்த வாய்ப்பு இல்லை. அறிவைத் தேடி மாணவர்தாம் ஊர்விட்டு ஊர் போக வேண்டியிருந்தது.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். மேற்படிப்புக்காக 1930ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 19. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரை நோக்கிய அந்தப் பயணத்தில், எரிபொருள் தீர்ந்துபோன விண்மீன்களின் முடிவு என்னவாகும் என்று கணக்கிட்டார். வெண்குறுமீன் எனப்படும் அத்தகைய விண்மீனின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்பதைக் கண்டார். அவ்வெல்லை சூரியனின் எடையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் விண்மீன் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் மேலும் சுருங்கிவிடும்.

அக்காலத்தின் பெரிய வானியலாளரான ஆர்தர் எடிங்டன் 1935ஆம் ஆண்டு இலண்டன் கூட்டமொன்றில் இம்முடிவை வெளிப்படையாக மறுத்தார். சந்திரசேகர் தம் கணக்கைக் கைவிடவில்லை. பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். கப்பலில் கணக்குப் போட்டு 53 ஆண்டுகள் கழித்து, 1983இல், இயற்பியலுக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. சந்திரசேகரின் அந்தக் கண்டுபிடிப்புக்குத் தொலைநோக்கி தேவைப்படவில்லை. தாளும் எழுதுகோலும் தேர்ந்த கணித அறிவுமே அவருக்குக் கருவிகளாயின.

மலேசியாவின் முதல் வானியற்பியலாளர் டாக்டர் மஸ்லான் ஒத்மான். சிரம்பானில் 1951ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் நியூசிலாந்தின் ஒத்தாகோ பல்கலைக்கழகத்தில் பயின்று 1981இல் முனைவர் பட்டம் பெற்றார். நாடு திரும்பியதும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் வானியற்பியல் கற்பித்தலுக்கு வித்திட்டார். கோலாலம்பூரில் 1994இல் திறக்கப்பட்ட தேசியக் கோளரங்கத்தை உருவாக்குவதில் முன்னின்றார். நாட்டின் தேசிய விண்வெளி முகமையைத் தலைமையேற்று நடத்தினார். ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் விண்வெளி விவகார அலுவலகத்துக்கு இருமுறை இயக்குநராகப் பொறுப்பு வகித்தார்.

சென்னையிலிருந்து ஒருவர் கேம்பிரிட்ஜ் சென்றார். சிரம்பானிலிருந்து ஒருவர் ஒத்தாகோ சென்றார். இருவரும் திறமையால் உயர்ந்தவர்கள். ஆயினும், அவர்களைப்போன்ற திறமை இருந்தும் ஊரைவிட்டுப் போக முடியாமல் நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர் என்பதை எந்த ஏடும் பதிவு செய்யவில்லை.

வீட்டைத் தேடி வந்த பல்கலைக்கழகம்

அந்த நிலையை மாற்ற எழுந்ததே தொலைதூரக் கல்வி. மலேசியாவில் இதற்கு முன்னோடி, பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். வேலை செய்துகொண்டே பட்டம் பெற விரும்பியவர்களுக்காக 1971ஆம் ஆண்டிலேயே அது தொலைதூரக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது.

அதே 1971ஆம் ஆண்டில் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தன் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. தொடக்கக் காலத்தில் விரிவுரைகள் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் ஒலிபரப்பாயின. பாடநூல்கள் அஞ்சலில் வந்தன. அறிவியல் மாணவர்களுக்கு ஆய்வுக் கருவிகளும் பெட்டிகளில் அடைத்து வீட்டுக்கே அனுப்பப்பட்டன. பின்னர் இணையம் இவை அனைத்தையும் ஒன்றாக இணைத்தது. 

இப்பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர்களுள் ஒருவர் ஜோசலின் பெல் பர்னெல். கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, மற்ற மாணவர்களோடு சேர்ந்து வயல்வெளியில் கம்பம் நட்டுக் கம்பி இழுத்து ஒரு வானொலித் தொலைநோக்கியைக் கட்டினார். அக்கருவி ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 30 மீட்டர் நீளத் தாளில் கோடுகளை வரைந்து தள்ளியது. கணினியின் துணையின்றி அத்தாள் முழுவதையும் அவரே கண்ணால் பார்த்துச் சரிபார்த்தார். 1967ஆம் ஆண்டு அக்கோடுகளுக்கு நடுவே, விளங்காத ஒரு சிறு கிறுக்கலைக் கண்டார். அதை ஒதுக்கிவிடாமல் தொடர்ந்து ஆராய்ந்தார். அது 1.3 நொடிக்கு ஒருமுறை தவறாமல் வந்த வானொலித் துடிப்பு எனத் தெரிந்தது. பல்சார் எனப்படும் துடிப்பு விண்மீன் இவ்வாறுதான் கண்டுபிடிக்கப்பட்டது. 

இதற்கான நோபல் பரிசு 1974இல் அவருடைய ஆய்வு வழிகாட்டிக்கு வழங்கப்பட்டது. அதில் பெல் பர்னெலின் பெயர் இடம்பெறவில்லை. அவர் மனம் தளராமல் தம் பணியைத் தொடர்ந்தார். 1973 முதல் 1987 வரை திறந்தநிலைப் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பயிற்றுநராகவும், 1991 முதல் 2001 வரை அங்கேயே இயற்பியல் பேராசிரியராகவும் விளங்கினார். 2018இல் அவருக்கு 30 லட்சம் அமெரிக்க டாலர் மதிப்புள்ள சிறப்புப் பரிசு கிடைத்தது. இயற்பியல் ஆய்வில் வாய்ப்புக் குறைந்த பின்னணியிலிருந்து வரும் மாணவர்களின் உபகாரச் சம்பளத்துக்கென அத்தொகை முழுவதையும் அவர் கொடுத்துவிட்டார். 

தாயின் முதல் கேள்விக்கான விடை இதில் அடங்கியுள்ளது. தொலைவிலிருந்து கற்கும் மாணவர்களுக்கு, உலகம் போற்றும் ஓர் அறிவியலாளர் தாமே முன்வந்து பாடம் சொல்லித் தந்திருக்கிறார். முறையாக நடத்தப்படும் தொலைதூரக் கல்வி இரண்டாந்தரக் கல்வியன்று.

இயங்கலை வகுப்பின் இயல்பு

இயங்கலையில் படிப்பவர் காணொலி விரிவுரைகளைத் தமக்கு ஏற்ற நேரத்தில் பார்க்கிறார். பாடநூலைப் படித்துக் கணக்குகளைச் செய்கிறார். குறித்த நாளுக்குள் இடுபணிகளை அனுப்புகிறார். பயிற்றுநர் அவற்றைத் திருத்தி, எங்கே தவறு நேர்ந்தது என்று எழுதி அனுப்புகிறார். சில மாலைகளில் நேரலை வகுப்பும் உண்டு. தேர்வும் உண்டு.

செய்முறைப் பயிற்சி எப்படி நடக்கும் என்ற ஐயம் எழலாம். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், கேனரித் தீவுகளில் உள்ள தெய்தே வானாய்வு நிலையத்தில் ‘பைரேட்’ என்ற தானியங்கித் தொலைநோக்கியை வைத்திருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. மாணவர்கள் தங்கள் வீட்டுக் கணினியிலிருந்தே அதனைத் திருப்பி, தாங்கள் ஆராயும் விண்மீனைப் படம் எடுக்கிறார்கள். பிறகு அப்படங்களிலிருந்து ஒளியின் அளவைக் கணக்கிடுகிறார்கள்.

குளிர்காலத்தில் கேனரித் தீவுகளில் இரவு 9 மணி ஆகும்போது, மலேசியாவில் மறுநாள் அதிகாலை 5 மணி. சிலிபினில் ஒருவர் அத்தகைய தொலைநோக்கியை இயக்க வேண்டுமானால், பாட்டி பெரட்டுக்குக் கிளம்பிய அதே நேரத்தில்தான் எழ வேண்டும்.

இந்தக் கல்வி எளிதானதன்று. பகுதிநேரமாகப் படிப்பவருக்கு இளங்கலைப் பட்டம் பெறப் பெரும்பாலும் 6 ஆண்டுகள் ஆகும். வாரந்தோறும் 16 முதல் 18 மணி நேரம் படிப்புக்கு ஒதுக்க வேண்டும். வேலை முடிந்து களைப்போடு வந்தபின் இரவு இரண்டு மணி நேரம், ஓய்வு நாளில் எஞ்சியதெல்லாம் என்று அதற்குத் திட்டமிட வேண்டும். வகுப்பில் பக்கத்தில் நண்பர்கள் இல்லை. ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்க ஆசிரியரும் நேரில் இல்லை. தன்னைத் தானே நடத்திச் செல்லும் கட்டொழுங்கு உள்ளவரே இதில் வெற்றி பெறுவார்.

சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இனி, தாயின் இரண்டாவது கேள்வி. சேர்வதற்கான தகுதி யாது? 

திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகச் சேர்க்கை விதிகளைத் தளர்த்தி வைத்திருக்கின்றன. ஆனால், கதவு திறந்திருப்பதால் உள்ளே நடப்பது எளிது என்று பொருளாகாது. வானியற்பியலின் மொழி கணிதம். வகைக்கெழு, தொகையீடு, திசையன் ஆகியவை முதலாண்டிலேயே வந்துவிடும். இவற்றின் தொடக்கம் பள்ளியின் கூடுதல் கணிதப் பாடத்தில் உள்ளது. அதை நான்காம் படிவத்தில் விட்டுவிட்டவர், பிறகு தனியே உட்கார்ந்து கற்றே ஆக வேண்டும். இயற்பியலும் அப்படியே. பாடங்களும் ஆய்வுக் கட்டுரைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், ஆங்கில வாசிப்பும் அவசியம்.

அடுத்து, சான்றிதழுக்கும் பட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர வேண்டும. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தரமான பாடங்கள் பல. நோபல் பரிசு பெற்ற பிரையன் ஷ்மிட், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் வழி வானியற்பியல் பாடத் தொடரை எடெக்ஸ் தளத்தில் யாவருக்கும் நடத்தினார். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் என்பிடெல் திட்டத்திலும் இயற்பியல், வானியற்பியல் விரிவுரைகளைக் கட்டணமின்றிக் காணலாம். இவை அறிவை வளர்க்கும். ஆர்வம் உண்மையானதா என்று சோதித்துப் பார்க்கவும் உதவும். எனினும் இவை பட்டமாகா.

பட்டப்படிப்பில் சேர்வதாயின், அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் பாடத்திட்டமும் முறையான அங்கீகாரம் பெற்றவையா என்று பார்க்க வேண்டும். உள்நாட்டுப் பாடத்திட்டங்களை மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். வெளிநாட்டுப் பட்டம் மலேசியாவில் ஏற்கப்படுமா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். குறுகிய காலத்தில் பட்டம், தேர்வே இல்லை, வாழ்க்கை அனுபவத்துக்கே பட்டம் என்றெல்லாம் வரும் விளம்பரங்களை நம்பக் கூடாது. கட்டணத்தை வெளிநாட்டு நாணயத்தில் செலுத்த வேண்டியிருந்தால், ஆறு ஆண்டுகளுக்கும் ஆகும் மொத்தச் செலவை ரிங்கிட்டில் கணக்கிட்டுப் பார்ப்பது அறிவுடைமை.

இன்னொரு வழியும் உண்டு. முதலில் உள்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் அல்லது கணிதத்தில் இளங்கலைப் பட்டம் பெறலாம். அக்காலத்திலேயே இயங்கலையின் இலவசப் பாடங்கள் வழி வானியற்பியலைக் கற்கலாம். வேலையில் அமர்ந்தபின், வானியற்பியலில் முதுகலைப் பட்டத்தை இயங்கலையில் தொடரலாம். செலவும் இடரும் குறைவு என்பதால், நடுத்தர வருமானக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் இதுவே ஏற்ற வழி.

படித்தபின் என்ன வேலை?

தாயின் மூன்றாவது கேள்விக்கு மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும். வானியற்பியலாளர் என்ற பெயரிலேயே கிடைக்கும் வேலைகள் உலகெங்கும் குறைவு. அதற்கு முனைவர் பட்டம் தேவை. பட்டம் பெற்றபின்னும் சில ஆண்டுகள் ஒப்பந்த அடிப்படையில் நாடு விட்டு நாடு சென்று ஆய்வு செய்ய வேண்டியிருக்கும். இவ்வழியில் செல்பவர் இதனை அறிந்தே செல்ல வேண்டும்.

ஆயினும், வானியற்பியல் படித்தவர் கற்பது விண்மீன்களை மட்டுமன்று. குவிந்து கிடக்கும் தரவுகளிலிருந்து உண்மையைப் பிரித்தெடுக்கவும், கணினி நிரல் எழுதவும், பிழையை அளந்து சொல்லவும், கண்டதைத் தெளிவாக எழுதவும் அவர் கற்கிறார். இத்திறன்களுக்குப் பல துறைகளில் தேவை இருக்கிறது.

வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் தரவுப் பகுப்பாய்வாளர்களைத் தேடுகின்றன. ஒளி குறைந்ததற்குக் காரணம் கோளா, மேகமா, கருவியின் கோளாறா என்று ஆராய்ந்து பழகியவர், ஒரு வங்கிக் கணக்கில் நிகழும் வழக்கத்துக்கு மாறான நடவடிக்கையையும் அதே கவனத்தோடு ஆராய்வார். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வெள்ளத்தையும் காடழிப்பையும் கண்காணிக்கும் துறையிலும் இத்தகையோருக்கு இடமுண்டு. நம் நாட்டில் 2019இல் உருவான மலேசிய விண்வெளி முகமை இத்துறையில் ஈடுபட்டுள்ளது. வானிலைக் கணிப்பு, மருத்துவப் படிமவியல், மென்பொருள் உருவாக்கம், அறிவியல் இதழியல், கோளரங்கப் பணி ஆகியனவும் உள்ளன. முறையான ஆசிரியர் பயிற்சியும் பெற்றால், பள்ளியில் இயற்பியல் ஆசிரியராகலாம்.

விண்ணாய்வு அன்றாட வாழ்வுக்குப் பயன்படாது என்பாரும் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பொறியாளர் ஜான் ஓ சல்லிவன், கருந்துளைகளிலிருந்து வரக்கூடிய மெல்லிய வானொலி அலைகளைத் தேடும் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். அவர் தேடிய அலைகள் கிடைக்கவில்லை. ஆனால், சிதைந்த அலைகளைச் சீர்படுத்த அவர் அங்கே கற்ற கணித முறைகள், 1990களில் அவரும் அவருடைய குழுவினரும் கம்பியில்லா இணையத் தொழில்நுட்பத்தை மேம்படுத்தத் துணைபுரிந்தன. இன்று வீட்டில் வைஃபை வழி வகுப்பில் இணையும் மாணவர், அந்த விண்ணாய்வின் பயனை அறியாமலேயே அனுபவிக்கிறார்.

இன்றே தொடங்கலாம்

பல்கலைக்கழகத்தில் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2007இல் தொடங்கப்பட்ட ‘கேலக்சி ஸூ’ என்ற இயங்கலைத் திட்டத்தில், தொலைநோக்கி எடுத்த விண்மீன் திரள்களின் படங்களைப் பொதுமக்களே பார்த்து வகைப்படுத்துகிறார்கள். அது தொடங்கிய ஆண்டிலேயே, நெதர்லாந்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்க்கல், ஒரு படத்தில் யாரும் விளக்காத ஓர் ஒளித் திட்டைக் கண்டு ‘இது என்ன?’ என்று கேட்டார். அது ஒரு விண்மீன் திரளின் அருகே ஒளிரும் மாபெரும் வாயு மேகம் என்று வானியலாளர்கள் பின்னர் ஆராய்ந்து கூறினர். அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. கேள்வி கேட்கத் தயங்காமையே அவருக்கு அந்தப் பெருமையைத் தந்தது.

இத்துடன், பைத்தான் என்ற நிரல்மொழியை இலவசமாகக் கற்கத் தொடங்கலாம். மேகமற்ற இரவுகளில் வானத்தைக் கவனித்துக் குறிப்பேட்டில் வரைந்து வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றாடக் கணிதப் பாடத்தைத் தள்ளிப்போடாமல் செய்யலாம்.

மீண்டும் சிலிபின் வீட்டுக்கு வருவோம். பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டும் இணையத்தில் தேடியும் தான் அறிந்தவற்றை மாணவி தாயிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆறு ஆண்டுகள் ஆகும் என்பதையும் மறைக்கவில்லை. வானியற்பியலாளர் வேலை குறைவு என்பதையும் மறைக்கவில்லை. முதலில் இயற்பியல் பட்டம், பிறகு வானியற்பியல் என்ற வழியைத் தாளில் வரைந்து காட்டினாள். அம்மா அத்தாளை நெடுநேரம் பார்த்தார்.

“கூடுதல் கணிதம் கடினமாக இருந்தால் என்ன செய்வாய்?” என்று கேட்டார்.

“தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் கணக்குச் செய்கிறேன், அம்மா.”

“அந்த நேரத்துக்கு எழுப்பிவிட நான் இருக்கிறேன்” என்றார் பாட்டி. “நாற்பது வருஷம் அந்த நேரத்தில் எழுந்தவள்தானே நான்.”

அம்மா பேனாவை எடுத்துப் பாடத் தேர்வுப் பாரத்தில் கையொப்பமிட்டார். இயற்பியல், கூடுதல் கணிதம் என்னும் இரண்டு பாடங்களின் நேரே மாணவி முன்பே அடையாளமிட்டு வைத்திருந்தாள்.

அவள் நாளை வானியற்பியலாளர் ஆகலாம். தரவுப் பகுப்பாய்வாளரோ இயற்பியல் ஆசிரியையோ ஆகலாம். எதுவாயினும், வீட்டின் தொலைவோ வருமானமோ அதைத் தடுக்க வேண்டியதில்லை என்னும் காலம் இது. பல்கலைக்கழகம் வீடுவரை வந்துவிட்டது. அதில் நுழைவதற்கு வேண்டிய கணிதத்தையும் கட்டொழுங்கையும் மட்டும் மாணவரே முயன்று ஈட்ட வேண்டும்.